பெரியப்பாவின் ஃப்ளோட் சர்வீஸ்

பிள்ளைகளே,

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் டிவியில் வாலிபால் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒருத்தன் போட்ட சர்வீஸ் நெட்டில் உரசிக்கொண்டு அந்தப் பக்கம் விழுந்தது. "போச்சு, சர்வீஸ் ஓவர்" என்றேன் நான். நீங்கள் சிரித்தீர்கள். அதெல்லாம் இப்போது தப்பில்லை, ஆட்டம் தொடரும் என்று பெரியவள் சொன்னாள். சின்னவன் அதோடு விடவில்லை. வேறு கலர் சட்டை போட்ட ஒரு ஆளைக் காட்டி, "அவரு இன்னா வேல செய்றாரு, சொல்லுப்பா பாக்கலாம்" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. லிபெரோ என்று நீங்கள்தான் சொன்னீர்கள். பின்னால் மட்டுமே நிற்பாராம். முன்னால் வந்து அடிக்க மாட்டாராம். அவருக்கென்று தனிச் சட்டமாம்.

அதைக் கேட்டதிலிருந்து, ஒரே ஒரு வேலையை மட்டும் பிரமாதமாகச் செய்யத் தெரிந்த இன்னொரு ஆளை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அது உங்கள் பெரியப்பா. அவர் இதை உங்களிடம் சொல்ல மாட்டார். கேட்டால் வெற்றிலையை மடித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவார். அதனால் நான் எழுதி வைக்கிறேன்.

நான் பத்தாவதோடு நின்றவன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரு பாதி கம்பெனி கொடுத்தது, ஷிஃப்ட், ஓ.டி., லைன், சூப்பர்வைசர் என்று. அதற்கு முந்தின பாதியை வாலிபால் கொடுத்தது.

எங்கள் மைதானம் ஒரகடம் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஸ்கூலுக்குப் பின்னால் இருந்தது. இப்போது அங்கே கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. அப்போது மூன்று பக்கம் கழனி, ஒரு பக்கம் கால்வாய். இரண்டு சவுக்குக் கம்பம், நாங்களே முடிச்சுப் போட்ட ஒரு நைலான் நெட், ஒரு பந்து. ஆறு பேர் ஆடுகிற ஆட்டம் அது என்பதே எங்களுக்குத் தெரியாது. பக்கத்துக்கு ஒன்பது பேர். வரிசைக்கு மூன்று பேராக மூன்று வரிசை. முன்னால் நிற்கிறவன் எப்போதும் முன்னால், பின்னால் நிற்கிறவன் எப்போதும் பின்னால். ஒருத்தன் கல்யாணமாகி வேறு ஊர் போனால்தான் அவன் இடம் காலியாகும். எனக்குப் பின் வரிசையில் இடது மூலை கிடைத்ததே அப்படித்தான்.

சர்வீஸை மட்டும் எல்லோருக்கும் சேர்த்துப் பெரியப்பாதான் போடுவார். அதற்குக் காரணம் உண்டு. பின்கோட்டை ஒட்டிக் கழனி வரப்பு. வலது மூலையில்தான் ஒரு ஆள் நின்று கையைத் தூக்குகிற அளவுக்குக் கெட்டியான தரை இருந்தது; மற்ற இடமெல்லாம் கால் புதையும். இருந்ததும் ஒரே பந்து. தெரியாதவன் போட்டு அது கால்வாயோடு போய்விட்டால் அன்றைய ஆட்டம் முடிந்தது. நிச்சயமான கை ஒன்று போடட்டும் என்று யாரோ எப்போதோ ஆரம்பித்து, அதுவே வழக்கமாகிவிட்டது. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையிலிருந்து எங்களோடு ஆட வருகிற ஊர்க்காரர்களும் அப்படித்தான். அவர்களுக்கும் ஒரு சர்வீஸ்காரர் உண்டு. அவர் எங்கள் மைதானத்துக்கு வந்தால் முதலில் அந்த மூலைக்குப் போய் மண்ணை மிதித்துப் பார்ப்பார்.

எங்களுக்கென்று ஒரு இங்கிலீஷ் இருந்தது. வருகிற பந்தை முதலில் எடுப்பது பிக்கப். அடிக்கத் தோதாகத் தூக்கிக் கொடுப்பது லிஃப்ட், கொடுக்கிறவன் லிஃப்டர். ஓங்கி அடித்தால் ஸ்மாஷ். ஓங்குவது போலக் காட்டிவிட்டு ஆளில்லாத இடத்தில் மெல்லப் போட்டால் பிளேசிங். சர்வீஸ் போடுகிற முறை எதிர்ப்பக்கம் போய்விட்டால் சர்வீஸ் ஓவர். இதையெல்லாம் யார் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. வீட்டுக்குள்ளும் அந்தச் சொற்கள் நுழைந்துவிட்டன. நாங்கள் தோற்றுவிட்டு மூஞ்சியைத் தொங்கப்போட்டு வந்தால் உங்கள் ஆயா சோறு போட்டுக்கொண்டே, "இன்னாடா, இன்னிக்கு சர்வீஸ் ஓவரா?" என்று கேட்பார்.

தொண்ணூற்று ஒன்றில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இப்போது மாதிரி வரிசையாகக் கம்பெனிகள் கிடையாது. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஷெட் எழும்பிக்கொண்டிருந்தது. பெங்களூர் ரோட்டோரம் இரும்பு வார்த்து லாரிக்குப் பாகம் செய்கிற கம்பெனி ஒன்று வந்தது. அதில் வேலைக்கு ஆள் எடுக்கிற பர்சனல் ஆபீசராக வந்தவருக்கு வாலிபால் பைத்தியம். மறைமலை நகர்ப் பக்கம் கம்பெனிகளுக்குள் ஆட்டம் நடக்கும், தன் கம்பெனிக்கும் ஒரு டீம் வேண்டும் என்று அவருக்கு ஆசை. எங்கள் டீமையும் ஏரிக்கரை டீமையும் கூப்பிட்டுச் சொன்னார். ஒரு மாதம் மெட்ராஸிலிருந்து கோச் வந்து பழக்குவார். கடைசியில் இரண்டு டீமுக்கும் ஒரு மேட்ச். அதைப் பார்த்து ஆபீசர் மொத்தத்தில் ஆறு பேரை எடுப்பார். எடுத்த ஆறு பேருக்கும் கம்பெனியில் வேலை. முதலில் டெம்பரரி, அப்புறம் பர்மனென்ட்.

பெரியப்பாவுக்கு அந்த வேலை எங்கள் எல்லோரையும் விட அதிகமாக வேண்டியிருந்தது. அவர் அப்போது ஜல்லி லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். லாரி வந்தால் கூலி, வராவிட்டால் இல்லை. தண்டலத்தில் அவருக்குப் பெண் பார்த்து, இரண்டு பக்கமும் பிடித்துப்போயிருந்தது. பெண்ணின் அப்பாவை நாங்கள் மாமா என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். அவர் ஒளிவுமறைவு இல்லாத மனிதர். எங்கள் வீட்டில் காப்பி குடித்துவிட்டு நேராகவே சொன்னார்:

"புள்ள தங்கமான புள்ள, அதுல ஒண்ணும் பேச்சு இல்ல. ஆனா மாப்ள இன்னா பண்றாருன்னு கேட்டா, லாரி மேல நின்னுக்கினு கீறாருன்னு நான் எப்படிச் சொல்றது? கம்பெனி வேலைன்னு ஒண்ணு ஆவட்டும். ஆடி கழியட்டும். ஆவணியில தட்டு மாத்திக்கலாம்."

மேட்ச் ஆடிக் கடைசியில் இருந்தது. ஆகவே கணக்கு எல்லோருக்கும் தெரியும். ஆறு பேரில் பெரியப்பா வந்தால் ஆவணியில் தட்டு.

கோச் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்குவார். கொஞ்சம் தொப்பை இருக்கும். ஆனால் அவர் விரலில் பந்து பட்டால் சத்தமே கேட்காது. முதல் நாள் நாங்கள் வழக்கம் போல ஒன்பது பேரும் அவரவர் இடத்தில் போய் நின்றோம். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "ஆறு பேரு ஆடப்போறீங்க. மீதி மூணு பேரு யாரு, காவலா?" என்று கேட்டார். மூன்று பேர் கழன்று கரையில் உட்கார்ந்தார்கள். அன்றைக்குப் பெரியப்பா உட்காரவில்லை. சர்வீஸ் போடுகிறவர் இல்லாமல் ஆட்டம் எப்படி ஆரம்பிக்கும் என்று எல்லோரும் நினைத்தோம்.

அடுத்து எங்கள் இங்கிலீஷில் கை வைத்தார்.

"லிஃப்ட் இல்லப்பா, செட். ஸ்மாஷ் இல்ல, ஸ்பைக். பிக்கப்னு சொல்றியே, அது அண்டர்ஹேண்ட் பாஸ். ரெண்டு கையையும் சேத்து வெச்சு, முட்டிய மடக்கி, எங்க, பண்ணு பாக்கலாம்."

எங்கள் லிஃப்டர் வாயாடி. "பேர மாத்திக்கினா பந்து வேற மாரி போவுமா சார்?" என்றான்.

கோச் கோபித்துக்கொள்ளவில்லை. "பந்து அப்படியேதான் போவும். ஆனா அம்பயர் விசில் ஊதி ஒரு பேரு சொல்லுவான் பாரு, அது உனக்குத் தெரியலன்னா, ஏன் தோத்தேன்னே தெரியாம வூட்டுக்குப் போவ."

அதிலிருந்து லிஃப்டர் வாயைத் திறந்தால் போதும், "நீ ஏன் தோத்தேன்னே தெரியாம பேசறடா" என்று எல்லோரும் அவனை ஓட்டினோம்.

கரையில் உட்கார வைத்து, அம்பயர் கை காட்டுவதற்கெல்லாம் எங்களைப் பெயர் சொல்லச் சொல்வார். இரண்டு விரல் காட்டினால் டபுள் டச், ஒருத்தனே அடுத்தடுத்து இரண்டு முறை தொட்டது. நாலு விரல் காட்டினால் ஃபோர் ஹிட்ஸ், ஒரே பக்கத்தில் நாலு முறை தொட்டது. உள்ளங்கையை மேல்பக்கம் வைத்து மெதுவாகத் தூக்கிக் காட்டினால் ஹோல்டிங், பந்தைப் பிடித்து விட்டாய் என்று அர்த்தம். இடுப்புக்குக் கீழே பந்து பட்டால் தப்பு. இப்போது காலால் உதைத்து எடுத்தால்கூட நீங்கள் கை தட்டுகிறீர்கள். அன்று ஸ்மாஷ் அடிக்கிற எங்கள் அட்டாக்கர் தெரியாமல் தொடையில் வாங்கிவிட்டுக் கோச்சிடம் வாங்கிய திட்டு எனக்கு நினைவிருக்கிறது. நெட்டின் இரண்டு ஓரத்திலும் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு குச்சி கட்டி, இது ஆன்டெனா என்றார். ஊரில் ஆன்டெனா இருந்தது ஒரே ஒரு மாடிவீட்டில். "இதுல படம் வருமா சார்?" என்று பெரியப்பா கேட்டார். கோச்சே சிரித்துவிட்டார்.

இரண்டாவது ஞாயிறு அவர் பெரியப்பாவின் சர்வீஸைக் கவனித்தார். பெரியப்பா பந்தைச் சுழற்ற மாட்டார். இடது கையால் கொஞ்சமாகத் தூக்கிப் போட்டு, வலது உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஒரு தட்டு, அவ்வளவுதான். கை பந்தோடு போகாது, அங்கேயே நின்றுவிடும். பந்து நெட் வரைக்கும் சாதுவாக வரும். தாண்டினதும் இந்தப் பக்கம் ஆடும், அந்தப் பக்கம் ஆடும், எடுக்க வருகிறவன் கையை நீட்டினால் பொத்தென்று அவன் முன்னால் விழும்.

"இன்னொரு வாட்டி போடு" என்றார் கோச். போட்டார். "இன்னொண்ணு." போட்டார். கோச் எதிர்ப்பக்கம் போய் நின்று அவரே எடுத்துப் பார்த்தார். மூன்றில் ஒன்று அவர் தோளில் பட்டுப் போனது.

"யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?"

"யாரும் இல்ல சார். வேகமா அடிச்சா கால்வாய்க்குப் போயிடும்னு பயந்துக்கினு தட்டி வுடுவேன். அப்படியே பழகிப்போச்சு."

"இதுக்குப் பேரு ஃப்ளோட் சர்வீஸ். உலகத்துல பெரிய பெரிய டீம்ல இதுக்குன்னே மெனக்கெட்டுப் பழகறாங்க."

பெரியப்பா முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தன் கையிலிருந்து போகிற பந்துக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கிறது என்று அவருக்கு அன்றுதான் தெரியும். அந்த வாரம் முழுக்க லாரி மேலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். டீக்கடையிலும் சொன்னார். "நம்ம போடறதுக்குப் பேரு கீது, தெரியுமா? ஃப்ளோட்டு." டீக்கடைக்காரர், "அப்ப இன்னிக்கு டீக்குக் காசையும் இங்கிலீஷ்லயே குடு" என்றார்.

மூன்றாவது ஞாயிறுதான் வினை வந்தது. கோச் சுண்ணாம்பில் ஆறு வட்டம் போட்டு, ஒன்றிலிருந்து ஆறு வரை எண் எழுதினார். சர்வீஸ் நம் பக்கம் வந்ததும் எல்லோரும் ஒரு இடம் நகர வேண்டும், கடிகார முள் போகிற பக்கமாக. அது ரொட்டேஷன். ஒன்றாம் இடத்துக்கு யார் வருகிறானோ அவன்தான் சர்வீஸ் போட வேண்டும்.

"அப்ப எல்லாருமே போடணுமா சார்?" என்றான் லிஃப்டர்.

"எல்லாருமே. ஒருத்தரே பண்றதுக்கு இது இன்னா கோயில் பூசையா?"

எங்களுக்குச் சர்வீஸ் பழகுவது கஷ்டமாக இருந்தது. ஆனால் பெரியப்பாவுக்கு இருந்தது வேறு கஷ்டம். சுற்றி வந்தால் அவர் நெட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். பிளாக் என்று குதித்து எதிராளி அடிக்கிற பந்தைக் கையால் மறிக்க வேண்டும். மலை மாதிரி ஜல்லிக் கூடையைத் தூக்குகிற மனிதர், பந்து முகத்துக்கு நேராக வந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். "கண்ணத் தொறப்பா, பந்து கடிக்காது" என்று கோச் கத்துவார். வீட்டில் தினம் சாயங்காலம் சுவரில் கரிக்கோடு போட்டு, அதைத் தொடக் குதித்துப் பழகினார். உங்கள் ஆயா, "செவுறு இடிஞ்சா கம்பெனிக்காரனா வந்து கட்டித் தரப்போறான்?" என்று கத்திக்கொண்டே, அவர் காலுக்கு எண்ணெய் காய்ச்சினார்.

வாசலில் ஆறு செங்கல் வைத்தோம். நானும் அவரும் ஒவ்வொன்றாக மிதித்து நகர்வோம். அவர் சத்தமாகச் சொல்வார்: "ஒண்ணுல சர்வீஸ். அப்புறம் ஆறு. அப்புறம் அஞ்சு. நாலுல பிளாக்கு. மூணுல பிளாக்கு. ரெண்டுல பிளாக்கு. திரும்ப ஒண்ணுல நம்ம ஃப்ளோட்டு." ஒன்றுக்கு வரும்போது மட்டும் குரலே மாறிவிடும். எனக்கு இப்போதும் அந்த வரிசை இங்கிலீஷ் பாடம் மாதிரி மனப்பாடம்.

மேட்ச் அன்று ஆடிக்காற்று. மைதானத்தில் கம்பெனி செலவில் சுண்ணாம்புக் கோடு, ஒரு சாமியானா, நாற்காலிகள். பின்பக்கத்து மண்ணையும் கொட்டிச் சமப்படுத்தியிருந்தார்கள். விசில் ஊத மெட்ராஸிலிருந்து ஒரு அம்பயர். கம்பெனி கிளார்க் ஒருத்தர் மேசையில் ஸ்கோர் ஷீட்டோடு உட்கார்ந்தார். யார் எந்த வரிசையில் சர்வீஸ் போட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். கூட்டத்துக்குத் தெரிய ஸ்கூலிலிருந்து கரும்பலகை ஒன்றை நான் கேட்டு வாங்கி வந்து நாற்காலி மேல் வைத்திருந்தேன். தண்டலம் மாமாவும் சைக்கிளில் வந்துவிட்டார். சலவை வேட்டி கட்டியிருந்ததால் யாரோ அவரைப் பெரிய மனிதர் என்று நினைத்து ஆபீசருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டுவிட்டார்கள்.

முதல் செட் நாங்கள் எடுத்தோம், இரண்டாவது அவர்கள். பெரியப்பா எல்லா இடத்துக்கும் ஒழுங்காகச் சுற்றி வந்தார். இரண்டாவது செட்டில் ஏரிக்கரை அட்டாக்கர் அடித்த ஒன்றைக் கண்ணைத் திறந்துகொண்டே பிளாக் செய்தார். பந்து அவர்கள் பக்கமே விழுந்தது. கோச் ஆபீசர் காதில் ஏதோ சொன்னார். ஆபீசர் தலையை ஆட்டினார். அதை நானும் பார்த்தேன், பெரியப்பாவும் பார்த்தார்.

கடைசி செட். அந்தக் காலத்தில் மற்ற செட்டுகளில் சர்வீஸ் போடுகிற பக்கத்துக்குத்தான் பாயிண்ட். கடைசி செட்டில் மட்டும், இப்போது இருப்பது போல, பந்து எந்தப் பக்கம் விழுந்தாலும் யாருக்காவது ஒரு பாயிண்ட் உண்டு. பதினைந்து எடுத்தால் ஆட்டம் முடிந்தது. நாங்கள் எட்டு, அவர்கள் பத்து. சர்வீஸ் அவர்களிடம் இருந்தது. அவர்கள் அடித்த பந்து ஆன்டெனாவில் பட்டது, அவுட். நாங்கள் ஒன்பது. சர்வீஸ் எங்களுக்கு.

நாங்கள் சரியாகத்தான் சுற்றினோம். அதை இன்றைக்கும் சத்தியம் செய்வேன். ஏற்கனவே ஒரு முறை சர்வீஸ் போட்டு முடித்திருந்த பெரியப்பா ஒன்றிலிருந்து ஆறாம் இடத்துக்கு நகர்ந்தார். லிஃப்டர் ஒன்றாம் இடத்துக்கு வந்தான். நான் நெட் ஓரம் நாலாம் இடத்தில். பந்து லிஃப்டர் கைக்கு வந்தது. அந்த மூலையில் பந்து கைக்கு வந்தால் இத்தனை வருஷமாக அவன் என்ன செய்வானோ அதைச் செய்தான். பெரியப்பாவிடம் தூக்கிப் போட்டான். பெரியப்பாவும் இத்தனை வருஷமாக என்ன செய்வாரோ அதையே செய்தார். மூலைக்குப் போய் நின்றார். லிஃப்டர் அவர் இடத்துக்கு வந்து நின்றுகொண்டான். எங்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. எதிரில் நின்ற ஆறு பேருக்கும் உறைக்கவில்லை. அந்த மூலையில் பெரியப்பா நிற்பது எல்லோர் கண்ணுக்கும் அத்தனை சரியாக இருந்தது.

முதல் பந்து காற்றில் ஆடி, எடுக்க வந்த இரண்டு பேருக்கு நடுவில் விழுந்தது. பத்து, பத்து. அடுத்தது ஒருத்தன் மணிக்கட்டில் பட்டு நெட்டுக்கு அடியில் போனது. மூன்றாவது பின்கோட்டின் மேலேயே விழுந்து சுண்ணாம்பைத் தெறிக்க விட்டது. ஏரிக்கரைக் கேப்டன் தன் ஆளைத் திட்டினான். நாலாவதை அவனே எடுக்க வந்தான். அவன் தலைக்கு மேல் போகிற மாதிரி வந்த பந்து மார்பில் இறங்கியது. ஐந்தாவது என்ன ஆனது என்று நான் பார்க்கவே இல்லை. கூட்டம் போட்ட சத்தத்தில் திரும்பிப் பார்த்தபோது போர்டில் பதினாலு எழுதிக்கொண்டிருந்தார்கள். தண்டலம் மாமா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். இன்னும் ஒரே ஒரு பாயிண்ட்.

அப்போது கிளார்க் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து அம்பயரிடம் போனார். இரண்டு பேரும் விரலால் வரிசையை எண்ணினார்கள். அம்பயர் விசில் ஊதினார். ஆள்காட்டி விரலை வட்டமாகச் சுற்றிக் காட்டினார்.

அந்த வட்டத்துக்குப் பெயர் எங்களுக்கு இப்போது தெரியும். ரொட்டேஷன் ஃபால்ட். லிஃப்டர் குனிந்து, தான் நின்ற இடத்தைப் பார்த்தான்.

எங்களுக்கு முன்னால் ஏரிக்கரைக் கேப்டன்தான் அம்பயரிடம் ஓடினான். "சார், அவரு போட்டா தப்பே இல்ல சார். இந்த ஊருக்கு எப்பவும் அவருதான் போடுவாரு."

"இந்த செட்ல இப்ப அவர் டர்ன் இல்லப்பா."

"எங்களுக்குப் பரவால்ல சார். தோக்கப் போறது நாங்கதானே."

"உனக்குப் பரவால்லன்னா ஆச்சா? ரூல் புக்குக்கு யாரு பதில் சொல்றது?"

அவர் போட்ட ஐந்து பாயிண்ட்டும் செல்லாது. அதோடு தப்புக்காக எதிர்ப்பக்கத்துக்கு ஒன்று. போர்டு பக்கம் நின்ற ஆள் ஈரத்துணியால் பதினாலைத் துடைத்துவிட்டு ஒன்பது என்று எழுதினார். அவர்களுக்குப் பதினொன்று. அதன் பிறகு எங்கள் யாருக்கும் கை ஓடவில்லை. பதினைந்துக்குப் பதினொன்றில் தோற்றோம். லிஃப்டர் நெட்டுக் கம்பத்தில் தலையை முட்டிக்கொண்டு நின்றான். பெரியப்பாதான் போய் அவன் தோளில் கை போட்டு, "வுட்றா, நானுந்தானே போய் நின்னேன். நீ போட்டா நான் ஏன் வாங்கிக்கணும்?" என்றார்.

மாமா எங்களிடம் வந்தார். அவருக்கு வாலிபால் தெரியாது. நிஜமாகவே புரியாமல் கேட்டார். "நல்லாத்தானே போட்ட? எல்லாரும் கை தட்னாங்க. ஏன் அழிச்சுட்டாங்க?"

பெரியப்பா வேர்வையைத் துடைத்துக்கொண்டே பொறுமையாகச் சொன்னார். "போட்டதுல தப்பு இல்ல மாமா. என் டர்ன் இல்ல. ரொட்டேஷன்னு ஒண்ணு கீது. ஆளாளுக்கு எடம் மாறிக்கினே வரணும். நான் ஆறுல நிக்க வேண்டியவன், ஒண்ணுல போய் நின்னுட்டேன்."

"அத அவங்க மொதல் பந்துலயே சொல்லியிருக்கலாமே?"

"அப்படித்தான் மாமா. பாத்தப்பதானே சொல்வாங்க."

ஆபீசர் ஆறு பேரின் பெயரைப் படித்தார். நாலு பேர் ஏரிக்கரை ஆட்கள். எங்கள் பக்கம் அட்டாக்கர் ஒருத்தன். ஆறாவது நான். பின்னால் நின்று பந்து எடுப்பது எனக்கு நன்றாக வந்திருந்தது, அதுதான் காரணம் என்று கோச் சொன்னார். பெரியப்பா பெயர் வரவில்லை. கோச் அவருக்காகப் பேசினார், எனக்குத் தெரியும். பதிலுக்கு ஆபீசர் சொன்னதையும் கோச்சே பிற்பாடு என்னிடம் சொன்னார்: தன் இடம் எது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளாதவன் நாளைக்கு லைனில் எப்படி நிற்பான் என்றாராம்.

எனக்கு அன்று லைன் என்றால் என்னவென்று தெரியாது. அடுத்த மாதம் கம்பெனிக்குள் போனதும் தெரிந்துகொண்டேன். ஷிஃப்ட் முழுக்க ஒரே இடத்தில் நிற்க வேண்டும். முன்னால் வருகிற பாகத்தில் ஒரே ஒரு வேலை, அதையே திரும்பத் திரும்ப, தப்பாமல். நகரவே கூடாது. ரொட்டேஷன் கிடையாது. பக்கத்து ஆளின் வேலையை யாரும் கேட்க மாட்டார்கள். இத்தனை வருஷ சர்வீஸில் நான் அந்த ஆபீசரைக் குறை சொன்னதில்லை, எனக்குச் சோறு போட்டவர். ஆனால் அந்த லைனுக்கென்றே பிறந்தவர் எங்கள் வீட்டில் ஒருத்தர் இருந்தார் என்பதை நினைத்து, மெஷின் சத்தத்துக்கு நடுவில் எத்தனையோ முறை தனியாகச் சிரித்திருக்கிறேன். சிரிப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

மாமா அன்று கிளம்பும்போது, "சொல்லி அனுப்பறேன்" என்று மட்டும் சொன்னார். ஆவணி வந்தது, போனது. ஆள் வரவில்லை. பெரியப்பா அந்தப் பக்கம் லோடு போகும்போது தண்டலம் ஸ்டாப்பில் லாரியை நிறுத்தச் சொல்ல மாட்டார் என்று டிரைவர் சொல்லிக் கேள்வி. அப்புறம் அவரே டிரைவர் ஆனார். மறைமலை நகரில் ஒரு கம்பெனிக்கு வண்டி ஓட்டப் போய், அங்கேயே நிரந்தரமானார். அதன் பிறகுதான் உங்கள் பெரியம்மா வந்தார். பெரியம்மாவுக்கு வாலிபாலும் தெரியாது, இந்தக் கதையும் தெரியாது. பெரியப்பா சந்தோஷமாகத்தான் இருக்கிறார். ஆகவே இதைப் படித்துவிட்டு அவரிடம் போய்ப் பாவம் என்று பேசாதீர்கள். வேண்டுமானால் ஃப்ளோட் சர்வீஸ் எப்படிப் போடுவது என்று கேளுங்கள். அதற்கு மட்டும் வெற்றிலையைக் கீழே வைப்பார்.

அன்று சாயங்காலம் சாமியானாவைப் பிரித்து, நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு எல்லோரும் போய்விட்டார்கள். எடுபட்ட ஆறு பேரும் கோச்சோடு டீக்கடைக்குப் போனோம். பெரியப்பாவும் வந்தார், எனக்கு அவர்தான் பன் வாங்கிக் கொடுத்தார். "இன்னாடா கம்பெனிக்காரரே, சக்கர போதுமா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் பாதிப் பன்னை அப்படியே வைத்தேன். ஸ்கூல் போர்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

மைதானத்தில் யாரும் இல்லை. கம்பத்தில் சாய்த்து வைத்திருந்த போர்டு காற்றுக்குச் சரிந்து கிடந்தது. தூக்கி நிறுத்தினேன். எங்கள் பக்கம் பதினொன்று, அவர்கள் பக்கம் பதினைந்து. சாக்பீஸ் துண்டு ஒன்று புல்லில் கிடந்தது. எங்கள் பதினொன்றை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, பெரியப்பாவின் ஐந்தையும் சேர்த்து அதே இடத்தில் பதினாறு என்று பெரிதாக எழுதினேன். பிறகு போர்டைத் தலையில் தூக்கிக்கொண்டு போய் ஸ்கூல் வராந்தாவில், எழுதின பக்கம் சுவரைப் பார்க்கும்படி சாய்த்து வைத்துவிட்டு, கையில் ஒட்டின சுண்ணாம்பை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்தேன்.